கணவர் வீரமரணம்: தகவலும் எனக்குக் கடைசி, இன்சூரன்ஸும் எனக்கில்லையா?

கடிதத்தின் சுருக்கம்

பாகூர் பக்கம் பிறந்து, பண்ருட்டி அருகே ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்ட 27 வயதுப் பெண் எழுதியிருக்கிறார். கணவர் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் நாயக். ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸ் பட்டாலியன் ஒன்றில் காஷ்மீரில் இருந்தபோது, நான்கு மாதத்துக்கு முன் தீவிரவாதிகளுடன் நடந்த மோதலில் இறந்துவிட்டார். நான்கு வயதில் ஒரு மகள். ராணுவத்திலிருந்து போன் போனது மாமனாரின் நம்பருக்கு. அவர் போனை வீட்டில் வைத்துவிட்டு முந்திரித் தோப்புக்குப் போயிருந்தார். அதற்குள் டி.வி.யில் பெயர் ஓடிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்த தங்கள் கல்யாண போட்டோவைப் பார்த்துத்தான் இவருக்கு விஷயம் தெரிந்தது. வந்த பெட்டியைத் திறந்து காட்டவில்லை, "உள்ளே இருந்தது அவர்தானா?" என்று இன்னும் தூக்கம் வருவதில்லை. ராணுவ இன்சூரன்ஸ் மாமியார் பெயரில் இருக்கிறது. "பென்ஷன் உனக்குத்தானே வரப்போகுது, அவன் வாங்கின 40 சென்ட்டுக்கும் பேங்க் பணத்துக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடு" என்று கேட்கிறார்கள். மறுமணம் செய்தால் பென்ஷன் நின்றுவிடும், கொழுந்தனாரைக் கட்டிக்கொண்டால் மட்டும் நிற்காது என்றும் சொல்கிறார்கள். இப்போது தாய்வீட்டில் இருக்கிறார். வெலிங்டனில் உள்ள ரெஜிமென்ட் ரெக்கார்ட்ஸ் ஆபீசிலிருந்து வந்த படிவங்கள் மாமனார் வீட்டில் கிடக்கின்றன. மகளிடம் "அப்பா டியூட்டிக்குப் போயிருக்கார்" என்று சொல்லி வைத்திருக்கிறார்கள்.

அன்புள்ள சகோதரி,

விடுதலைப் பத்திரத்தில் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். இந்த மாதம் வேண்டாம், அடுத்த மாதமும் வேண்டாம். மாமனார் வீட்டாரைக் கெட்டவர்கள் என்று நினைத்து இதைச் சொல்லவில்லை. எது யாருக்குச் சேரும் என்று அவர்களுக்கும் தெரியவில்லை, உங்களுக்கும் தெரியவில்லை. தெரியாமல் எழுதிக் கொடுத்ததைத் திரும்பப் பெற ஆண்டுக்கணக்கில் கோர்ட் படி ஏற வேண்டியிருக்கும்.

போன் ஏன் உங்களுக்கு வரவில்லை

உங்களை வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். போன் மாமனாருக்குப் போனதும் இன்சூரன்ஸ் மாமியார் பெயரில் இருப்பதும் ஒரே காரணத்தால் வந்த வினை என்றுதான் எனக்குப் படுகிறது. பழைய தாள் திருத்தப்படவில்லை.

ராணுவத்தில் ஒருவர் சேரும்போதே கிண்ட்ரட் ரோல் என்ற குடும்ப விவரப் பதிவு எழுதப்படும். 19, 20 வயதில் அதில் அப்பா, அம்மா, அப்பாவின் நம்பர்தானே இருக்கும்? கல்யாணம் ஆனதும், குழந்தை பிறந்ததும் யூனிட் வழியாகப் பார்ட் டூ ஆர்டர் (பதிவேட்டில் மாற்றத்தைச் சேர்க்கும் உத்தரவு) வெளியிட்டு அதைத் திருத்த வேண்டும். உங்கள் பெயரில் டிபென்டென்ட் கார்டும் கேன்டீன் கார்டும் இருப்பதாகச் சொல்வதால், கல்யாணம் பதிவாகியிருக்கிறது என்று நம்பலாம். ஆனால் மனைவி பெயர் ஏறிவிட்டால் எல்லாம் மாறிவிட்டது என்று பல ஜவான்கள் நினைத்துக்கொள்கிறார்கள். போன் நம்பரைத் தனியாக மாற்ற வேண்டும், இன்சூரன்ஸ் நியமனத்தைத் தனியாக மாற்ற வேண்டும். லீவு முடிந்து ரயிலேறும் அவசரத்தில் இது தள்ளிப்போகும்.

சம்பவம் நடந்த பட்டாலியனின் கமாண்டிங் ஆபீசர் தரப்பிலிருந்து குடும்பத்துக்கு நேரடியாகப் பேசுவதே வழக்கம். கூடவே வெலிங்டன் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்குச் சிக்னல் போகும். இன்னொரு பக்கம் முன்னாள் படைவீரர் நல அலுவலகம், மாவட்ட நிர்வாகம், உள்ளூர் காவல் நிலையம் என்று தகவல் இறங்கும். குடும்பத்துக்குச் சொன்ன பிறகே பெயர் வெளியே வர வேண்டும் என்பது ராணுவம் வைத்திருக்கும் நெறி. ஆனால் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வி.ஏ.ஓ.வைக் கூப்பிட்டு "இந்தப் பேர்ல உங்க ஊர்ல யாராவது மிலிட்டரியில இருக்காங்களா?" என்று கேட்ட ஐந்தாவது நிமிடம் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ வந்துவிடுகிறது. 2013 ஜூலையில் தந்தி சேவை நிற்கும்வரை, தபால்காரர் சைக்கிள் வாசலில் நின்றால் வீட்டுக்காரருக்குத்தான் முதலில் தெரியும். இன்று வீட்டுக்காரருக்குத்தான் கடைசியில் தெரிகிறது.

இதற்கு வழக்குப் போட முடியுமா என்று கேட்கிறீர்கள். போட்டால் நிற்காது என்பதே என் கணிப்பு. கமாண்டிங் ஆபீசருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: எந்த நம்பருக்கு, எத்தனை மணிக்கு அழைத்தார்கள், பதிவேட்டில் உங்கள் நம்பர் இருந்ததா என்று கேளுங்கள். இனி எல்லாத் தகவலும் உங்கள் நம்பருக்கும் பாகூர் முகவரிக்கும் வர வேண்டும் என்று அதே கடிதத்தில் எழுதி, நகலை வெலிங்டனுக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பட்டாலியன் காஷ்மீரில் இருந்தாலும் உங்கள் ஃபைல் இருப்பது வெலிங்டனில். இரண்டு இடமும் வேறு வேறு என்பது தெரியாமல் மாதக்கணக்கில் ஒரே இடத்துக்கு எழுதிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

பெட்டியைத் திறக்காததற்கு

சந்தேகப்படுவது பாவமில்லை. முகம் பார்க்காமல் வழியனுப்பினால் மனசு நம்ப மறுக்கும். குண்டுவெடிப்பில் அல்லது அருகில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் உடல் சிதைந்திருந்தாலோ, மீட்கத் தாமதமாகியிருந்தாலோ, திறக்க வேண்டாம் என்று கூட வருபவர்களே சொல்லிவிடுவார்கள். 1999 மே 29 அன்று கார்கில் போரில் படாலிக்கில் இறந்த திருச்சி மேஜர் சரவணனின் உடல் ஒரு மாதத்துக்கும் மேலான பிறகுதான் மீட்கப்பட்டது. அதற்கு முந்தைய போர்களில் பெரும்பாலும் களத்துக்கு அருகிலேயே தகனம் முடிந்துவிடும்; பெட்டியாக ஊருக்கு வருவது வழக்கமானதே கார்கிலுக்குப் பிறகுதான்.

அடையாளம் காண்பது ஒரே ஒரு வழியில் நடப்பதில்லை. நம்பரும் பெயரும் ரத்த வகையும் பொறித்த அடையாளத் தகடு இருக்கும், சக வீரர்கள் நேரில் பார்த்துச் சொல்வார்கள், ஆஸ்பத்திரிப் பதிவும் இருக்கும். போஸ்ட்மார்ட்டம் அறிக்கையின் நகலையும், சம்பவம் எப்படி நடந்தது என்ற விவரத்தையும் எழுதிக் கேளுங்கள். தகவல் பாதுகாப்புக் காரணமாக ஆபரேஷன் விவரம் முழுதாக வராது; எங்கே காயம், எப்போது இறந்தார் என்பது வரும். பெட்டியோடு ஊருக்கு வந்த ஜே.சி.ஓ.வின் (சுபேதார் போன்ற இளநிலை அதிகாரி) நம்பர் யாரிடமாவது இருக்கும். அவரிடம் நேராகக் கேளுங்கள், "அண்ணா, நீங்க பார்த்தீங்களா?" என்று. எந்த அறிக்கையும் தராத நிம்மதியை அந்த ஒரு பதில் தரக்கூடும்.

அவருடைய டிரங்குப் பெட்டியும் உடைமைகளும் வந்துவிட்டனவா என்று நீங்கள் எழுதவில்லை. யூனிட்டில் கமிட்டி ஆஃப் அட்ஜஸ்ட்மென்ட் என்று ஒரு குழு உட்கார்ந்து, இறந்தவரின் பொருள்களைப் பட்டியல் போட்டு, கடன் பாக்கி தீர்த்து அனுப்பும். பட்டியலின் நகலைக் கேட்டு வாங்கி, போன், மோதிரம், வாட்ச் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

எந்தப் பணம் யாருக்கு

பேப்பரில் "வீரமரணம்" என்று போட்டாலும் ராணுவ ஆவணத்தில் அந்தச் சொல் கிடையாது. தியாகி என்றும் இருக்காது. பேட்டில் கேஷுவல்டி (போர், தீவிரவாதிகளுடன் மோதல் போன்றவற்றில் இறந்தவர்) என்று இருக்கிறதா, பிசிகல் கேஷுவல்டி (மற்ற காரணங்களால் இறந்தவர்) என்று இருக்கிறதா என்பதே கேள்வி. மற்ற எல்லாம் அந்த ஒரு வரியைப் பொறுத்தது. முதல் வேலையாக அந்தச் சான்றின் நகலை வாங்குங்கள்.

உதாரணத்துக்கு அவருடைய கடைசிச் சம்பளம் (அடிப்படைச் சம்பளம், மாதம் 5,200 ரூபாய் மிலிட்டரி சர்வீஸ் பே எல்லாம் சேர்த்து) 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டில் கேஷுவல்டி என்றால் லிபரலைஸ்டு ஃபேமிலி பென்ஷன்: 40,000 முழுதும், அதன் மேல் அகவிலைப்படி. பணி காரணமான விபத்து போன்றவை என்றால் ஸ்பெஷல் ஃபேமிலி பென்ஷன்: 60 சதவீதம், 24,000. சாதாரணக் குடும்பப் பென்ஷன் என்றால் வழக்கமான விகிதம் 30 சதவீதம், 12,000. மூன்றுக்கும் படிவம் நிரப்பும் கை ஒன்றுதான். அதனால் எந்தப் பெயரில் உத்தரவு வருகிறது என்று படித்துப் பாருங்கள். தவறாக வகைப்படுத்தியிருந்தால் முதலில் ரெக்கார்ட்ஸுக்கு மேல்முறையீடு, பிறகு சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயம்.

ஆக, பென்ஷன் உங்களுக்கு. இதை மாமனாராலோ ஊர்ப் பஞ்சாயத்தாலோ மாற்ற முடியாது. ஆபரேஷனில் இறந்தவர் என்பதால் இந்தப் பென்ஷனுக்கு வருமான வரியும் இல்லை. மத்திய அரசின் கருணைத் தொகை, தீவிரவாதிகளுக்கு எதிரான நடவடிக்கையில் இறந்தால் 35 லட்சம். பணியின்போது விபத்து என்றால் 25 லட்சம். ராணுவத்தின் பேட்டில் கேஷுவல்டி நல நிதி 2019இல் 2 லட்சத்திலிருந்து 8 லட்சமாக உயர்ந்தது. ஊரில் யாராவது 2019 புல்வாமா தாக்குதலில் இறந்தவர்களின் குடும்பங்களோடு ஒப்பிட்டு "அவங்களுக்கு அவ்வளவு வந்துச்சே" என்பார்கள். அவர்கள் சி.ஆர்.பி.எஃப்.; உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருபவர்கள். கணக்கே வேறு.

இனி இன்சூரன்ஸ். ஆர்மி குரூப் இன்சூரன்ஸ் பணம் நியமனத்தில் யார் பெயர், எத்தனை சதவீதம் என்று இருக்கிறதோ அப்படியே போகும். மாமியார் பெயர் மட்டும் இருந்தால் ராணுவம் அவருக்குத்தான் கொடுக்கும். "நாமினி என்பவர் பணத்தை வாங்கி வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுப்பவர்தான்" என்று உங்கள் அண்ணன் சொல்வது 1984இல் சுப்ரீம் கோர்ட் சர்பதி தேவி வழக்கில் சொன்னது. பாதி சரி. 2015இல் இன்சூரன்ஸ் சட்டம் திருத்தப்பட்டு, பெற்றோர், மனைவி, பிள்ளைகளை நியமித்திருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம் என்றாகிவிட்டது. தவிர, ராணுவத் திட்டம் தன் சொந்த விதிகளில் நடப்பது. கோர்ட்டுக்குப் போய்ப் பங்கு கேட்கலாம், கிடைக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. பேசித் தீர்ப்பதே மேல் என்று நினைக்கிறேன். பேசும்போது காட்ட ஒரு முன்னுதாரணம் இருக்கிறது: கீர்த்தி சக்ரா பெற்ற ஓர் இளம் அதிகாரியின் குடும்பத்தில் 2024இல் இதே பிரச்சினை எழுந்தது, ஒரு கோடி இன்சூரன்ஸ் மனைவிக்கும் பெற்றோருக்கும் சரிபாதி, பென்ஷன் மனைவிக்கு என்றுதான் போயிருந்தது.

மாமியார் பெயரில் இருக்கிறதே என்று கொதிக்காதீர்கள். உங்களுக்கு மாதா மாதம் பென்ஷன் வரும். பிள்ளையை இழந்த அவருக்கு நீங்கள் இருக்கும்வரை தனிப் பென்ஷன் கிடையாது. கல்யாணமாகாத வீரர் இறந்தால் பெற்றோர் இருவருக்குமாக அந்தப் பென்ஷனில் 75 சதவீதம் வரும். மனைவி இருந்தால் வராது. இதில் உங்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. மருமகள் பராமரிப்பதில்லை என்று மாமியார் எழுதிக் கொடுத்தால், பென்ஷனைப் பிரித்துத் தர ராணுவ பென்ஷன் விதிகளில் இடம் இருக்கிறது. மாதம் ஒரு தொகையை அவர் கணக்குக்கு வங்கி வழியாகவே அனுப்புங்கள். கையில் கொடுத்தால் நாளைக்குச் சாட்சி இருக்காது.

யாரும் கேட்காமல் விட்டுவிடும் ஒன்று: அவருடைய சம்பளக் கணக்கு டிஃபென்ஸ் சாலரி பேக்கேஜ் வகையாக இருந்தால் அதோடு விபத்துக் காப்பீடு சேர்ந்தே வரும். கோரிக்கை வைக்கக் காலக்கெடு உண்டு. நான்கு மாதம் ஓடிவிட்டதால் வங்கிக்கு உடனே எழுத்துமூலம் கேளுங்கள்.

விடுதலைப் பத்திரம்

அவர் தன் சம்பளத்தில் வாங்கிய 40 சென்ட்டும் வங்கி இருப்பும் இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இன்படி முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சமமாகப் போகும். உங்கள் வீட்டில் அது மூன்று பேர்: நீங்கள், மகள், மாமியார். ஆளுக்கு மூன்றில் ஒன்று. மாமனார் அதில் இல்லை. அப்பா இரண்டாம் வகுப்பு வாரிசு. தாசில்தார் தரும் வாரிசு சான்றிதழில் அவர் பெயரும் இருக்கலாம். பெயர் இருப்பதாலேயே பங்கு வந்துவிடாது. பூர்வீகச் சொத்தின் கணக்கு வேறு. அதில் உங்கள் கணவரின் பங்கு என்ன என்பதைப் பத்திரங்களைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

நீங்கள் பெரிய மனது பண்ணி உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கலாம், அது உங்கள் இஷ்டம். மகளின் பங்கை விட்டுக்கொடுக்க உங்களுக்கு அதிகாரமில்லை. மைனரின் நிலத்தை எழுதிக் கொடுக்க மாவட்ட நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். இல்லாமல் எழுதினால், 18 வயதான பிறகு அவள் அதை ரத்து செய்யக் கேட்கலாம். இதை மாமனாரிடம் அப்படியே சொல்லுங்கள். "நான் தர மாட்டேன்" என்பதைவிட "சட்டம் விடாது" என்பது வீட்டில் சண்டையைக் குறைக்கும்.

மாமனார் ஏ.டி.எம். கார்டில் பணம் எடுத்துவருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இறந்தவர் கணக்கில் கார்டு போடுவது தவறு. செலவுக்குத்தான் எடுத்தார் என்றாலும் நாளைக்குக் கணக்குக் கேட்கும் இடத்தில் அவர்தான் நிற்க வேண்டிவரும். இறப்புச் சான்றோடு வங்கிக்கு எழுதிக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள்.

கொழுந்தனாரைக் கட்டிக்கொண்டால்தான் பென்ஷனா?

இல்லை. இந்தப் பேச்சு எங்கிருந்து முளைத்தது என்றும் சொல்லிவிடுகிறேன். வீரதீர விருதுகளோடு வரும் மாதாந்திரப் படி, விதவை மறுமணம் செய்தால் நின்றுபோகும். கணவரின் சொந்தச் சகோதரரை மணந்தால் மட்டும் தொடரும் என்று ஒரு பழைய விதி இருந்தது. 2017 நவம்பரில் அந்த நிபந்தனை நீக்கப்பட்டது. ஊர் வாயில் மட்டும் அது இன்னும் நீங்கவில்லை. உங்கள் பென்ஷனைப் பொறுத்தவரை, மறுமணம் செய்தாலும் மகளைத் தொடர்ந்து நீங்களே வளர்த்தால் முழுத் தொகையும் தொடரும். மகளை விட்டுவிட்டுப் போனால்தான் குறையும். 27 வயதில், அதுவும் நான்காம் மாதத்தில், யாரையாவது கட்டிக்கொள்ளும் முடிவையோ கட்டிக்கொள்ளவே மாட்டேன் என்ற முடிவையோ எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. படிக்கும் எண்ணம் இருந்தால், இறந்த வீரர்களின் மனைவியருக்குச் சென்னை ஓ.டி.ஏ.வில் (ராணுவ அதிகாரிகள் பயிற்சி நிலையம்) பயிற்சி பெற்று அதிகாரியாகச் சேரத் தனி வழி இருக்கிறது. பட்டதாரியாகவும் 35 வயதுக்குள்ளும் இருக்க வேண்டும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

நீங்கள் இருப்பது புதுச்சேரி எல்லையில் என்பதால் அங்குள்ள அலுவலகத்துக்கு அலைந்திருக்கிறீர்கள். உங்கள் கணவரின் சொந்த ஊராகப் பதிவேட்டில் இருப்பது கடலூர் மாவட்டம். அதனால் மாநில அரசின் உதவி தமிழ்நாட்டைச் சேர்ந்தது. போக வேண்டிய இடம் கடலூர் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். உதவி இயக்குநரைப் பார்த்து, படிவங்கள் மாமனார் வீட்டில் சிக்கியிருப்பதைச் சொல்லுங்கள். வெலிங்டனிலிருந்து இரண்டாம் பிரதி வாங்க அவர்களே எழுதுவார்கள். படிவத்துக்காக யாரோடும் மல்லுக்கட்ட வேண்டாம்.

கொண்டுபோக: ஆதார், பான், திருமணப் பதிவுச் சான்று, மகளின் பிறப்புச் சான்று, உங்கள் பெயரில் மட்டும் உள்ள வங்கிக் கணக்கு, டிபென்டென்ட் கார்டு. இறப்பு நடந்தது காஷ்மீரில் என்பதால் இறப்புச் சான்று இங்கே பதிவாகாது. யூனிட் வழியாக வரும். பத்து நகல் எடுத்துச் சான்றொப்பம் வாங்கி வையுங்கள்.

பென்ஷன் தாமதமாவதற்கு நான் அதிகம் காணும் காரணம் இனிஷியல்தான். ஆதாரில் உங்கள் அப்பா இனிஷியல், பதிவேட்டில் கணவர் பெயர் பின்னால், பானில் இரண்டும் இல்லாமல் வேறொன்று. நம் ஊரில் இது சாதாரணம். ராணுவப் பென்ஷன் வழங்கும் ஸ்பர்ஷ் கணினிக்கு மூன்றும் மூன்று பெண்கள். பதிவேட்டில் எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்டு, மற்றவற்றை அதற்கேற்பத் திருத்துங்கள். அவருடைய சிம் கார்டை நிறுத்திவிடாதீர்கள், ஓ.டி.பி. அதற்குத்தான் வரும்.

கடைசியாக மகள். இது வக்கீல் சொல்ல வேண்டியதில்லைதான், ஆனால் கடிதத்தில் நீங்கள் அழுத்தி எழுதியிருப்பது இதைத்தான். டியூட்டிக்குப் போனவர் திரும்பி வருவார் என்பது அவளுக்குத் தெரியும்; போன தடவையும் வந்தாரே. இப்போது வரவில்லை என்றால் தன்மேல் கோபம் என்று நினைத்துக்கொள்வாள். தூங்குகிறார், சாமிகிட்ட போயிட்டார் என்பதும் வேண்டாம், தூங்கவே பயப்படுவாள். "அப்பா செத்துட்டாங்க. அவங்க உடம்பு இனிமே அசையாது, திரும்பி வர முடியாது. நீ பண்ணின எதனாலயும் இல்ல" என்று நேராகச் சொல்லுங்கள். நாளைக்கு மறுபடி கேட்பாள், அதே சொற்களில் மறுபடி சொல்லுங்கள். நான்கு வயதில் சாவு என்பது திரும்பாதது என்று ஒரே தடவையில் பிடிபடாது. படுக்கையை நனைப்பதும் உங்கள் சேலைத் தலைப்பை விடாததும் சில வாரம் இருக்கலாம். குறையாமல் நீடித்தால் ஜிப்மர் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள், பாகூரிலிருந்து தூரமில்லை. உங்களுக்கே ராத்திரி தாங்காமல் போனால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

கடலூர் அலுவலகத்துக்குப் போகும்போது முடிந்தால் மாமியாரையும் கூட்டிப் போங்கள். இன்சூரன்ஸ் படிவத்தில் கையெழுத்துப் போட அவரும் எப்படியும் வர வேண்டியவர்தான்.